படகுக்கு எடுத்த துணி

"துணின்னா உனக்குத் தெரியாததா? நீயே பார்த்து எடுத்துட்டு வந்துடு" என்று சொல்லிவிட்டு டிரைவர் பஸ் டூட்டிக்குக் கிளம்பிவிட்டார். சொல்வதற்கு அவருக்கென்ன, வாயா வலிக்கிறது? மாட்டிக்கொண்டவள் தையல்காரி.

சட்டைத் துணி, திரைத் துணி, மெத்தை உறை, எதை வேண்டுமானாலும் கொடுங்கள், கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தே ரகம் சொல்லிவிடுவாள். ஆனால் படகுக்குத் துணி? அவளுடைய வாடிக்கைக்காரர்களில் இதுவரை எந்தப் படகும் அளவு கொடுக்க வந்ததில்லை.

படகு வீட்டுக்குப் பின்னால் கார் ஷெட்டில் கிடந்தது. இந்த வீட்டில் கார் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை என்பதால் ஷெட் முழுக்கப் படகுதான். இரண்டு மரத் தாங்கிகளின் மேல் குப்புறக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். பிளைவுட்டை வளைத்து, ஓரங்களில் துளை போட்டு, செம்புக் கம்பியால் தைத்து, மூட்டுகளில், காய்ந்தால் கல்லாய் இறுகுகிற ரசாயனப் பிசின் அடைத்துச் செய்த படகு. தையல் என்றதும் நம் தையல்காரிக்கு அதன்மேல் ஒரு பாசம் வந்துவிட்டது. இனி அதன் வெளிப்பக்கம் முழுக்கத் துணியைப் போர்த்தி, துணிமேல் பிசினை ஊற்றி ஊறவைக்க வேண்டும். காய்ந்ததும் துணியும் பிசினும் மரமும் ஒரே தோலாகிவிடும். தண்ணீர் உள்ளே இறங்காது, கல்லில் உரசினாலும் கிழியாது.

இந்தப் படகை ஆரம்பித்தவர்கள் டிரைவரும் அவருடைய முதல் மனைவியும். அந்தம்மாள்தான் வரைந்தாள், அளந்தாள், கோடு போட்டாள். டிரைவர் வெட்டினார். பாதியில் அவள் நோயில் விழுந்தாள், பிறகு எழுந்திருக்கவில்லை. படகின்மேல் தார்ப்பாய் விழுந்தது. டிரைவர்களுக்குச் சீருடை தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்த தையல்காரி, அளவெடுக்கப் போன இடத்தில் பேச்சுக் கொடுத்து, பேச்சு வளர்ந்து, போன வருஷம்தான் அவரைக் கட்டிக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்தாள். அவள் வந்த சில மாதங்களில் அந்தத் தார்ப்பாயை இழுத்துப் போட்டுவிட்டு வேலையை மறுபடி ஆரம்பித்தாள் டிரைவரின் மகள், வாத்து.

வாத்து என்பது அவள் அம்மா வைத்த செல்லப் பெயர். தண்ணீரைக் கண்டால் வெளியே வரமாட்டாள் என்பதால் வைத்தது. இப்போது பள்ளிக்கூடத்தின் கடைசி வருஷம் படிக்கிறாள். தையல்காரியிடம் அவள் ஒருநாளும் எடுத்தெறிந்து பேசியதில்லை. பேசியிருந்தால்கூடத் தேவலை! மரியாதையாக நடந்துகொண்டாள், விருந்தாளியிடம் நடந்துகொள்வதைப்போல. தன் தட்டைத் தானே கழுவி வைப்பாள். "இங்க பாருங்க" என்பாள், "ஒரு நிமிஷம்" என்பாள். முறை சொல்லி மட்டும் கூப்பிடமாட்டாள். கூப்பிட மாட்டாளா என்று தையல்காரி காதைத் தீட்டி வைத்துக்கொண்டு ஒரு வருஷம் ஓட்டிவிட்டாள், பாவம்.

துணி எடுக்கப் போவதற்குமுன் அளவு பார்க்கலாம் என்று டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஷெட்டுக்குப் போனாள். வாத்து பள்ளிக்கூடம் போயிருந்தாள். படகு முழுக்க உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வழவழவென்று வைத்திருந்தாள் பெண். ஆனால் வலது பக்கத்தில் அங்கங்கே தேய்க்காமல் விட்ட திட்டுகள் இருந்தன. சோம்பேறித்தனமோ என்று குனிந்து பார்த்தாள். பென்சில் எழுத்துகள். படகு கவிழ்ந்திருந்ததால் எழுத்தும் தலைகீழாக நின்றது. கழுத்தைத் திருப்பிப் படித்தாள்.

'இங்கே வெட்டாதே. சொன்னால் கேள்.'

சற்றுத் தள்ளி ஓர் அம்புக்குறி, பக்கத்தில்: 'மேல் எது, கீழ் எது என்று தெரியாத டிரைவர் சாருக்கு: இதுதான் மேல்.'

தையல்காரிக்குக் குபுக்கென்று சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் கலங்கியது. அடடா, என்ன வாயாடி! உயிரோடு இருந்திருந்தால் நாம் இரண்டு பேரும் நல்ல சிநேகிதிகளாக இருந்திருப்போம் என்று தோன்றியது. அவள் இருந்திருந்தால் தனக்கு இந்த வீட்டில் இடமே இருந்திருக்காதே என்பது அப்புறம்தான் உறைத்தது.

அப்போதுதான் அப்பாவும் மகளும் சில நாட்களாக எதற்கு முட்டிக்கொண்டார்கள் என்பது அவளுக்கு விளங்கியது. டிரைவர் முரட்டு பாலியஸ்டர் துணி போடலாம் என்றார். படகை விடப்போகிற ஏரிக் கரை பூராவும் கல், அதுதான் தாங்கும், மேலே பச்சைப் பெயின்ட் அடித்துவிடலாம் என்றார். வாத்து மெல்லிய கண்ணாடி நார்த் துணிதான் வேண்டும், பெயின்ட்டே கூடாது என்று ஒற்றைக் காலில் நின்றாள். ஏன் என்று அவள் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. பேச்சு முற்றும்போதெல்லாம் பெண் ஓரக்கண்ணால் தையல்காரியைத்தான் பார்த்தாள். பெயின்ட் அடிக்கச் சொல்லித் தூண்டிவிட்டதே இவள்தான் என்று எண்ணிவிட்டாள் போலிருக்கிறது!

தையல்காரி டேப்பைச் சுருட்டிக்கொண்டாள். தப்பான துணியை எடுத்து வந்து இந்த எழுத்து மறைந்துபோனால், அம்மாவை அழிக்க வந்தவள் என்றுதான் இந்தப் பெண் ஆயுசுக்கும் நினைப்பாள்.

பிசின் கடைக்காரர் நல்ல மனுஷர். பேசத்தான் ஆள் கிடைக்காமல் இருந்திருக்கிறார். ஒவ்வொரு சுருளாக எடுத்துக் காட்டினார். நறுக்கிய நாரை ஒட்டிச் செய்த பாய் ஒன்று. எங்கள் பிசினுக்கு அது சரிப்படாது, முரண்டு பிடிக்கும் என்றார். சாக்குபோல நெய்த தடிமன் துணி ஒன்று. பிசினைக் குடித்துக் குடித்துப் படகு கனத்துப்போகும் என்றார். டிரைவர் சொன்ன பாலியஸ்டர் துணியும் இருந்தது. தடவினால் பூனைக்குட்டி மாதிரி மெத்தென்றிருந்தது. உழைப்புக்கு அதை அடிக்க ஆளில்லை என்றார்.

"எழுத்து தெரியணும்" என்றாள் தையல்காரி.

"என்னது?"

"மரத்துமேல பென்சில்ல எழுதியிருக்கு. துணி போட்ட பிறகும் அது தெரியணும்."

கடைக்காரர் அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, உள்ளேயிருந்து பளபளவென்று மெல்லிய வெள்ளைக் கண்ணாடி நார்த் துணிச் சுருளைக் கொண்டுவந்தார். மாதிரித் துண்டு ஒன்றைப் பழைய செய்தித்தாள்மேல் வைத்துப் பிசினைத் தடவினார். வெள்ளை மெல்லக் கரைந்தது. அடியிலிருந்த எழுத்தெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக மேலே வந்தன. துணி இருக்கிற இடமே தெரியவில்லை.

"இதுதான்!" என்று கத்திவிட்டாள். கடைக்கு வந்திருந்த ஆளெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். படகை ஒரே வீச்சில் மூடுகிற அகலம் அந்தச் சுருள். வேண்டிய அளவுக்கு வெட்டி, குழாயில் சுற்றி, "பத்திரம்" என்று கையில் கொடுத்தார். பத்திரம் என்றால் என்னவென்று அவர் சொல்லியிருக்கலாம். இவளாவது கேட்டிருக்கலாம்.

வீட்டுக்கு வந்த தையல்காரி என்ன செய்தாள்? வேறென்ன, துவைத்தாள்!

சிரிக்காதீர்கள். புதுத் துணியைத் தண்ணீரில் போடாமல் கத்தரி வைப்பது அவள் தொழிலில் மகா பாவம். தைத்த பிறகு சுருங்கினால் வாடிக்கைக்காரர் சும்மா விடுவாரா? அதுவும் இது அந்தப் பெண்ணின் துணி. தன் கையால் ஒரு குறையும் வந்துவிடக்கூடாது. பெரிய தொட்டியில் சோப்புத் தண்ணீர் கலக்கி ஊறவைத்தாள். அலசிக் கொடியில் போட்டாள். உலர்ந்ததும் இஸ்திரி போட்டு, எட்டாக மடித்து, மேஜைமேல் வைத்துத் தள்ளி நின்று அழகு பார்த்தாள். கை இரண்டும் அரித்தது. புதுச் சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை போலும் என்று, மிச்சத் தண்ணீரை வீணாக்காமல் டிரைவரின் சீருடையையும் அதிலேயே போட்டு அலசினாள்.

சாயங்காலம் வாத்து வந்தாள். புத்தகப் பையைக் கழற்றாமலே மேஜைக்கு முன்னால் நின்றாள்.

"இது என்ன?"

"உன் படகுத் துணிதான்! நீ கேட்ட அதே துணி. துவைச்சு ரெடியா வச்சிருக்கேன்."

"துவைச்சா?"

"துவைக்காம எப்படி வெட்டறது? அப்புறம் சுருங்கிடாதா?"

"கண்ணாடி எங்கயாவது சுருங்குமா?" என்றாள் வாத்து.

பதிலுக்குக்கூட நிற்காமல் துணியை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனாள். தையல்காரி பின்னாலேயே ஓடினாள். மடிப்பு விழுந்த மூலையில் ஒரு துண்டை வெட்டி, செய்தித்தாள்மேல் வைத்து, பிசின் கலந்து தடவினாள் பெண். இரண்டு பேரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். மடிப்பு இருந்த இடம் படியவேயில்லை, தூக்கிக்கொண்டு நின்றது. சோப்பு தங்கிய இடமெல்லாம் மோர் சிந்தியதைப்போலப் பால் வெள்ளை. அடியில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு வரிகூடப் படிக்க முடியவில்லை.

வாத்து நிமிர்ந்தாள். "வேணும்னே பண்ணீங்களா?"

ஒரு வருஷமாக மனசுக்குள் இருந்த சந்தேகம் இப்போதுதான் வாயில் வந்தது. "இல்லம்மா" என்றாள் தையல்காரி. அவளுக்கே கேட்காத குரல். பெண் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். படாரென்று அறைந்திருந்தாலும் பரவாயில்லை, மெதுவாகச் சாத்தினாள்.

மறுநாள் மத்தியானம் டிரைவர் பாதி டூட்டியில் வீட்டுக்கு வந்து நின்றார். வாசலிலேயே சட்டையைக் கழற்றி வீசினார்.

"என்னத்தைப் போட்டுத் துவைச்சே? ஸ்டீரிங்கைப் பிடிக்கறதா, முதுகைச் சொறியறதா? டிரைவர் டான்ஸ் ஆடறாருன்னு பாசஞ்சரெல்லாம் சிரிக்கிறாங்க!"

கண்ணாடித் துணியைத் துவைத்த தண்ணீரில்தான் சட்டையையும் அலசினேன் என்று அவள் விஷயத்தைச் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டாள். அவர் முதுகைச் சொறிவதை நிறுத்திவிட்டு உட்கார்ந்தார்.

"விடு. ஒருவகையில நல்லதாப் போச்சு. பாலியஸ்டர் துணியே போட்டுப் பெயின்ட் அடிச்சிடலாம்."

"நல்லதா? யாருக்கு நல்லது?"

"உனக்குத்தான். தினம் அவ எழுத்தைப் பார்த்துக்கிட்டு... உனக்கு ஒரு மாதிரி இருக்காதா?"

அழுகை நின்றது. இப்போது அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "நான் கேட்டேனா உங்ககிட்ட? எனக்காக அழிங்கன்னு கேட்டேனா? அவங்க இருந்த வீடுன்னு தெரிஞ்சுதானே வந்தேன். நீங்க பாட்டுக்கு எனக்கு நல்லது பண்றேன்னு கிளம்பி, அந்தப் பொண்ணு முன்னாடி என்னைத்தான் பாவியாக்கிட்டீங்க!"

டிரைவர் திருதிருவென்று விழித்தார். "நான் அப்படி யோசிக்கலை" என்றார். மெய்தான், அவர் யோசிக்கவில்லை. பிறகு, "எனக்கும் அதைப் பார்க்கக் கஷ்டமாத்தான் இருக்கு" என்றார். அவள் அவருக்கு வேறு சட்டை எடுத்துக் கொடுத்து, பட்டனைப் போட்டுவிட்டு, டீ போட்டுக் கொடுத்தாள். கோபம் கோபமாக இருந்தாலும் மனுஷன் பாவம்தானே.

வாத்து பள்ளிக்கூடத்திலிருந்து வந்து அறைக்குள் போனதும் தையல்காரி கதவுக்கு வெளியே நின்றாள். ராத்திரி முழுக்க ஒத்திகை பார்த்த வசனமெல்லாம் காற்றில் போயிற்று.

"நான் உங்கம்மா எழுதினதைப் படிச்சேன்" என்றாள். "படிச்சுச் சிரிச்சேன். அது தெரியணும்னுதான் அந்தத் துணியை எடுத்தேன். துவைச்சது என் புத்தி. துணின்னா எல்லாம் ஒண்ணுதான்னு நினைச்சுட்டேன். இப்ப மறுபடி கடைக்குப் போறேன்."

செருப்பை மாட்டிக்கொண்டிருக்கும்போது கதவு திறந்தது.

"நானும் வர்றேன்" என்றாள் வாத்து. "தனியா விட்டா அதையும் துவைச்சிடுவீங்க."

கிண்டல்தான், ஆனால் தையல்காரி அதை இனிப்பு மாதிரி வாங்கி வைத்துக்கொண்டாள்.

கடையில் அந்த அகலச் சுருள் தீர்ந்துபோயிருந்தது. அடுத்த சரக்கு எப்போது வரும் என்று கடைக்காரருக்கே தெரியாது. அதே துணி, குறுகல் அகலத்தில் ஒரு சுருள் இருந்தது. வாத்தின் முகம் தொங்கிப்போயிற்று. "நடுவுல ஒண்ணு, பக்கத்துக்கு ஒண்ணுன்னு போடணும். ரெண்டு துணி சேர்ற ஒட்டு நேரா எழுத்துமேலதான் வரும். ஒட்டுல மங்கலாயிடும்."

"நடுவுல எதுக்குப் போடறே?" என்றாள் தையல்காரி. கடைக்காரரிடம் செய்தித்தாள் வாங்கித் தரையில் உட்கார்ந்து கிழிக்க ஆரம்பித்தாள். "வலது பக்கம் ஒரு நீளம், இடது பக்கம் ஒரு நீளம். ரெண்டும் சேர்ற இடம் நடு முதுகுல வரட்டும். அங்கதானே கல்லுல இடிக்கும்? ரெட்டையா இருந்தா நல்லதுதானே?"

"வயிறு அகலமான இடத்துல ஒரு கை அளவு குறையும்" என்றாள் வாத்து. அவளும் உட்கார்ந்துவிட்டாள்.

"கக்கத்துல ஒட்டுப் போட்டா யாருக்குத் தெரியும்? சட்டையில அப்படித்தான் பண்ணுவோம்."

வாத்து காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "விளிம்பு ஓரமா ஒரு மரச்சட்டம் வைக்கப்போறோம். ஒட்டு அதுக்கடியில மறைஞ்சிடும்" என்றாள். முதல் தடவையாக அவள் சொன்ன 'போறோம்' தன்னையும் சேர்த்துத்தானா என்று தையல்காரிக்குச் சந்தேகமாக இருந்தது. சேர்த்துத்தான் என்று முடிவுகட்டிக்கொண்டாள். யார் கேட்கப் போகிறார்கள்?

துணியை மடிக்காமல் கொண்டுபோக வேண்டுமே. பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, இருவர் மடியிலும் சேர்த்துச் சுருளைக் கிடத்திக்கொண்டார்கள். தூங்குகிற குழந்தையின் தலை ஒருத்தி மடியிலும் கால் ஒருத்தி மடியிலுமாக இருப்பதைப்போல இருந்தது. பள்ளத்தில் பஸ் குலுங்கும்போதெல்லாம் இரண்டு பேரும் சேர்ந்தே அதை அணைத்துப் பிடித்தார்கள்.

"எங்கம்மாவுக்குத் துணின்னா ஒண்ணுமே தெரியாது" என்றாள் வாத்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டு. "பட்டன் அறுந்தாக்கூட அப்பாதான் தைப்பார். அவர் இல்லேன்னா, ஊசியில நூல் கோக்கத் தெரியாம அம்மா பசை போட்டு ஒட்டுவாங்க."

"பசையா!"

"என் ஸ்கூல் சட்டையில. துவைச்சதும் பட்டன் விழுந்துடுச்சு."

தையல்காரி சிரித்தாள். வாத்தும் சிரித்தாள், பிறகு மூக்கை உறிஞ்சினாள். வீடு வரும்வரை இறந்துபோனவளைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்கள். தையல்காரி இன்னும் இன்னும் என்று கேட்டாள். அவளுக்கு நிஜமாகவே கேட்கப் பிடித்திருந்தது.

துணி போர்த்துகிற நாள் வந்தது. வெயில் நன்றாக இருந்தது, பிசினுக்கு அது நல்லது. காலையிலேயே வாத்து ஷெட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, "துணியை நானே விரிக்கறேன், யாரும் வரவேண்டாம்" என்றாள். தையல்காரிக்குச் சுருக்கென்றது. இன்னும் நம் கையை நம்பவில்லை, சரி, நம்பும்படியாகவா நடந்துகொண்டோம் என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டாள். கூப்பிட்டபோது போய்ப் பார்த்தால், படகு இரண்டு பக்கமும் வெள்ளை போர்த்திக்கொண்டு சுருக்கமில்லாமல் கிடந்தது. தையல்காரியாலேயே குறை சொல்ல முடியவில்லை.

"அப்பா, நீங்க பிசின் கலக்குங்க. நான் வலது பக்கம்" என்றாள் வாத்து. அப்புறம் இவளைப் பார்த்து, "இடது பக்கம் நீங்க" என்றாள்.

"நானா? தனியாவா?"

"ஊத்தி, இந்தத் தகட்டால மெதுவா இழுக்கணும். வெள்ளை போற வரைக்கும். நின்னா கெட்டியாயிடும், நிக்காதீங்க."

முதலில் வலது பக்கத்தில் ஊற்றினார்கள். வாத்து இழுக்க இழுக்க வெள்ளை கரைந்தது. மரத்தின் ரேகை வந்தது. அம்புக்குறி வந்தது. 'மேல் எது, கீழ் எது என்று தெரியாத டிரைவர் சாருக்கு' தலைகீழாக வந்து நின்றது. டிரைவர் பிசின் டப்பாவும் கையுமாகத் தலையைச் சாய்த்துப் படித்தார். "இப்பவும் தெரியாதுடி" என்று முணுமுணுத்தார். அவர் கன்னத்தில் வழிந்ததை யாரும் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

தையல்காரி தன் பக்கத்தில் வேலையைத் தொடங்கினாள். இந்தப் பக்கத்தில் எழுத்தும் இல்லை, ஒன்றும் இல்லை, கெட்டாலும் நஷ்டமில்லை என்றுதான் நமக்குக் கொடுத்திருக்கிறாள் போலும் என்று நினைத்தாள். ஆனாலும் தகட்டைப் பதமாக, இஸ்திரிப் பெட்டியை நகர்த்துகிற பழக்கத்தில் நகர்த்தினாள். வெள்ளை விலகிக்கொண்டே வந்தது.

படகின் நடுவில், அவள் கைக்கு நேர் கீழே, ஏதோ கறுப்பாகத் தெரிந்தது. அழுக்கா? குனிந்தாள். பென்சில் கோடு. இன்னும் கொஞ்சம் இழுத்தாள். புத்தம் புதுப் பென்சில் எழுத்து, நேற்றைக்கோ இன்றைக்கோ எழுதியது. இதைப் படிக்கக் கழுத்தைத் திருப்ப வேண்டியிருக்கவில்லை. அவள் நிற்கிற இடத்திலிருந்து படிக்கும்படி நேராக எழுதியிருந்தது.

'துணி என்றால் எல்லாம் ஒன்றுதான் என்று நினைக்கிற சித்திக்கு: இதைத் துவைக்கக் கூடாது.'

தையல்காரி தகட்டைப் பிடித்தபடி நின்றுவிட்டாள். சிரிப்புதான் முதலில் வந்தது. பிறகு கண்ணை மறைத்துக்கொண்டு மற்றது வந்தது. துடைக்க வழியில்லை, கையுறை முழுக்கப் பிசின். தோளை உயர்த்திப் பார்த்தாள், எட்டவில்லை.

வாத்து படகைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்தாள். தன் சட்டைக் கையை இழுத்து அவள் கண்ணைத் துடைத்துவிட்டாள், இரண்டு பக்கமும், அழுத்தித் துடைத்தாள்.

"இப்ப அழாதீங்க சித்தி" என்றாள். "ஈரம் பட்டா பிசின் கெட்டுடும். இழுங்க, இழுங்க."